காற்றறிந்து கட்டிய இல்லம்

கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல். மேற்கிலிருந்து வீசுவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்ட மொழி தமிழ். அடையாற்றின் கழிமுகத்தை அடுத்துள்ள ஊரூர் ஒல்காட் குப்பத்தின் மீனவர்க்குக் காற்றின் திசையறிவு இன்றும் தொழிலறிவாகும். ஆனால், அதே கடற்கரையை ஒட்டி எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில், கடற்காற்று வீசும் மாலையிலும் சன்னல்கள் மூடிக்கிடக்கின்றன, குளிரூட்டிகள் இயங்குகின்றன. கற்காரைக் கட்டடம் வெம்மையைத் தேக்கும், பொறியின் துணையின்றி அதில் வாழ இயலாது என்பது பலரின் எண்ணம். இவ்வெண்ணத்தை மறுக்கும் கட்டடம் ஒன்று, இதே கடற்கரையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தெற்கே, புதுச்சேரியில் உள்ளது. அதன் பெயர் கோல்கொண்ட்.

அரவிந்தர் ஆசிரமத்தினர் தங்குவதற்காக 1937-க்கும் 1945-க்கும் இடையே இவ்வில்லம் கட்டப்பட்டது. ஐதராபாத் நிசாமின் திவானாக விளங்கிய சர் அக்பர் ஐதரி இதற்குப் பொருளுதவி செய்தார். அதனால், அவ்வரசின் புகழ்பெற்ற கோட்டையான கோல்கொண்டாவின் பெயர், பிரெஞ்சு வடிவில் இதற்கு அமைந்தது. வடிவமைத்தவர், செக் மண்ணில் பிறந்து ஜப்பானில் பணியாற்றிய அந்தோனின் ரேமண்ட். ஜார்ஜ் நாகஷிமாவும் பிரான்டிசெக் சாம்மரும் அவருக்குத் துணைநின்றனர். ஆசிரமத்தினரும் கட்டுமான வேலைகளில் ஈடுபட்டனர். கதவுகளுக்கு வேண்டிய பித்தளைப் பொருத்துகளைக் கடையில் வாங்கவில்லை. பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தனர்.

இவ்வில்லத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. காலை, மாலை வெயிலின் கடுமையை ஏற்கும் கிழக்கு, மேற்குப் பக்கங்களோ குறுகியவை. நீண்ட பக்கங்களில் கண்ணாடிச் சன்னல்கள் இல்லை. அவற்றுக்கு மாற்றாக, தரை முதல் கூரை வரை கிடைமட்டப் பலகைகள் வரிசையாகப் பொருத்தப்பட்டுள்ளன. இவற்றைத் திருப்பி வெயிலையும் மழையையும் தடுக்கலாம். அப்போதும் காற்று உள்ளே வரும். (அன்று அவற்றைக் கல்நார்ச் சிமெண்டில் செய்தனர். கல்நார் உடல்நலத்திற்குக் கேடு என்பதால் இன்று அதனைத் தவிர்ப்பதே முறை.) அறைக்கும் நடைக்கும் இடையே உள்ள தேக்குக் கதவு பக்கவாட்டில் நகரும். அதன் சட்டங்கள் முன்னும் பின்னுமாக அமைந்திருப்பதால் காற்று ஊடுருவும், கண் ஊடுருவாது. ஒருபக்கம் நுழையும் காற்று அறையைக் கடந்து, நடையையும் கடந்து மறுபக்கம் வெளியேறுவதற்கு இக்கதவே வழிவிடுகிறது. கட்டடம் முழுவதிலும் நுட்பம் மிக்க பகுதி இதுவே எனலாம்.

கூரை ஈரடுக்குடையது. கற்காரைத் தளத்தின்மேல் வளைந்த கற்காரை ஓடுகளைப் பரப்பியுள்ளனர். இரண்டிற்கும் இடையே உள்ள காற்று வெளி வெம்மை கீழிறங்குவதைக் குறைக்கிறது. தரையில் கடப்பைக்கல் பாவப்பட்டுள்ளது. உட்சுவர்ப் பூச்சில் கிளிஞ்சல் சேர்ந்துள்ளது. நம் கடற்கரையின் பழைய வீடுகளில் காணும் சுண்ணாம்புப் பூச்சின் உறவே அது.

கோல்கொண்ட் காட்சிக்கூடமாக மாற்றப்படவில்லை. இன்றும் ஆசிரமத்தின் விடுதியாகவே உள்ளது. ஆதலால் பார்வையிட விரும்புவோர் முன் இசைவு பெறவேண்டும். உள்ளே அமைதி காக்கவேண்டும். பலகைகளை எவ்வளவு திருப்புவது என்பதை, அங்குத் தங்குவோர் அன்றைய வெயிலையும் காற்றையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.