நின்று கடுத்த கால்களுக்கு வல்லாரைக் களிம்பு

ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை புடவை விரித்துக் காட்டும் பெண்கள், கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியர்கள், வார்டுக்கு வார்டு நடக்கும் செவிலியர்கள், சிக்னலில் நிற்கும் காவலர்கள், பரோட்டாக் கல்லை விட்டு நகர முடியாதவர்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான தொல்லை, பொழுது சாயும்போது கெண்டைக்காலில் ஏறும் கனமும் கடுகடுப்பும். வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய ஒரு மூலிகைக் களிம்பு இந்த வேதனையைத் தணிக்கும். அது எதுவரை உதவும் என்பதையும் தெரிந்துகொண்டு பயன்படுத்துவதே நல்லது.

கால் ஏன் கனக்கிறது?

பாதத்துக்கு இறங்கிய ரத்தம், புவியீர்ப்பை எதிர்த்து இதயத்துக்கு ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, சிரைகளை அழுத்தி, ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறிய ரத்தம் கீழே இறங்கிவிடாமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. அசையாமல் நின்றாலும், காலைத் தொங்கவிட்டு வெகுநேரம் உட்கார்ந்தாலும் தசை வேலை செய்வதில்லை. ரத்தம் தேங்கி, சிரைக்குள் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிகிறது. மாலையில் கணுக்கால் வீங்குவதும் காலுறையின் தடம் பதிவதும் இதனால்தான்.

வால்வுகள் பழுதடைந்துவிட்டால் சிரை புடைத்து, நெளிந்து, நீலமாகத் தெரியும். நரம்பு சுருட்டிக்கொண்டது என்று நாம் சொல்லும் வெரிகோஸ் வெயின் இதுதான். பரம்பரை, கர்ப்பம், உடல்பருமன், வயது, நின்றபடி செய்யும் வேலை ஆகியவை இதற்கு வழிவகுக்கும்.

களிம்பால் என்ன பயன்?

வல்லாரையிலிருந்து பிரித்தெடுத்த சாரத்தை உள்மருந்தாகக் கொடுத்துச் சிரை நோயாளிகளிடம் ஆய்வுகள் நடந்துள்ளன. சிலவற்றில் கால் வீக்கமும் கனமும் குறைந்தன. ஆனால் அது அளவிட்டுச் செறிவாக்கிய மருந்து. வீட்டில் காய்ச்சும் எண்ணெயிடம் அந்த வலிமையை எதிர்பார்க்கக் கூடாது. நொச்சி, வலிக்கும் வீக்கத்துக்கும் நம் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகக் கையாளப்படும் இலை. புதினா உப்பு எனப்படும் மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிக் காலுக்கு இதம் தரும்.

ஆகவே இந்தக் களிம்பு அலுப்பைத் தணிக்கும், வறண்ட தோலை மென்மையாக்கும். புடைத்த சிரையைச் சுருக்காது, பழுதான வால்வைச் சரிசெய்யாது.

வேண்டியவை

நல்லெண்ணெய் – 200 மி.லி.
வல்லாரை இலை – 2 கைப்பிடி
நொச்சி இலை – 1 கைப்பிடி
தேன்மெழுகு – 25 கிராம்
புதினா உப்பு – 2 கிராம் (விரும்பினால்)

செய்முறை

இலைகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நன்கு வாடும்வரை நிழலில் உலர்த்துங்கள். பிறகு நறுக்கி, அடிகனமான பாத்திரத்தில் எண்ணெயோடு சேர்த்துச் சிறுதீயில் காய்ச்சுங்கள். சலசலப்பு அடங்கி, இலை மொறுமொறுப்பானதும் இறக்கிவிடுங்கள். இலை கருகக் கூடாது. வெள்ளைத் துணியில் வடிகட்டி, சூடு இருக்கும்போதே துருவிய தேன்மெழுகைப் போட்டுக் கரையும்வரை கிளறுங்கள். வெதுவெதுப்புக்கு வந்ததும் புதினா உப்பைச் சேருங்கள். கொதிக்கும் எண்ணெயில் போட்டால் அதன் ஆவி கண்ணை எரிக்கும். ஈரமில்லாத, வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஆறவிடுங்கள்.

தண்ணீரோ பச்சைக் கற்றாழைச் சாறோ சேர்த்து நீர்த்த லோஷனாக்க வேண்டாம். பதப்படுத்தும் பொருள் இல்லாமல் அதில் கிருமியும் பூஞ்சையும் சில நாளிலேயே வளரும். களிம்பை ஈரக்கையால் தொடாமல், 2 மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

தேய்க்கும் முறை

முதன்முறை, முழங்கையின் உள்புறம் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் பயன்படுத்தலாம். இரவில் கால் கழுவித் துடைத்தபின் படுத்துக்கொண்டு, தலையணைகளை அடுக்கிக் கால்களை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி 15 நிமிடம் வையுங்கள். பிறகு கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி மெல்ல நீவுங்கள். புடைத்த சிரைமேல் அழுத்தக் கூடாது. உள்ளங்காலைத் துடைத்துவிட்டு எழுந்திருங்கள், வழுக்கும்.

புண், வெடிப்பு, தோல் அழற்சி உள்ள இடத்தில் தடவாதீர்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தட்டும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் எண்ணெயைச் சுடவைத்துத் தேய்க்கவே கூடாது. சுட்டாலும் தெரியாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது?

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, வலித்து, சூடாகிச் சிவந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள். புடைத்த சிரையிலிருந்து ரத்தம் வந்தால், படுத்துக் காலைத் தூக்கி, சுத்தமான துணியால் இறுக அழுத்தியபடி உதவி தேடுங்கள்.

கணுக்காலைச் சுற்றித் தோல் கறுப்பது, ஆறாத புண் ஆகியவை சிரை நோய் முற்றுவதைக் காட்டுகின்றன. இரண்டு காலும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். டாப்ளர் ஸ்கேன் சிரையின் நிலையைக் காட்டிவிடும். அழுத்தக் காலுறை, லேசர், ஊசி மருந்து என நல்ல சிகிச்சைகள் உள்ளன. அழுத்தக் காலுறையைத் தாமாக வாங்கி அணியக் கூடாது. தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு அது கேடு செய்யும்.

உட்கார இடம் கேளுங்கள்

அரை மணிக்கு ஒருமுறை குதிகாலைப் பத்துப் பதினைந்து தடவை தூக்கி இறக்குங்கள். நாலடி நடங்கள். இரவு வரை காத்திருக்காமல், வேலை நேரத்திலேயே ரத்தம் மேலேறும்.

கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் திருத்தியது. கேரளம் 2018-லேயே இதைச் செய்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் ஊழியரை நிற்கவைக்கும் கடையில், இரவுக் களிம்பு ஆற்றிய காலை மறுநாள் பகல் மறுபடி வீங்கவைக்கும். எனவே முதலாளிகள் ஆளுக்கொரு ஸ்டூல் போடட்டும், உட்கார்ந்தவரை முறைக்காமலும் இருக்கட்டும். துணி வாங்கப் போகும் நாமும், அங்கே இருக்கை இல்லையென்றால் ஏன் என்று கேட்போம்.