சிபாரிசு இல்லாதவருக்கு என்ன வழி?

வடக்கே வந்து நாலு வருஷம் ஆன எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் 'சோர்ஸ்' என்ற சொல் அறிமுகமாகியிருக்கும். எந்த அலுவலகத்துக்குப் போனாலும், "சோர்ஸ் இருக்கிறதா?" என்றுதான் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பார்கள். நமக்கு ஏது சோர்ஸ்? சித்தப்பாவும் மாமாவும் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் அல்லவா இருக்கிறார்கள்! அதனால்தான், பெட்ரோல் பங்க், காஸ் ஏஜென்சி போன்றவற்றை அரசு தன் இஷ்டப்படி யாருக்கும் கொடுக்கலாமா என்ற கேள்வி மற்றவர்களைவிட நம்மை அதிகம் பாதிக்கிறது என்று நினைக்கிறேன். நான் வக்கீல் அல்ல. தீர்ப்புகளைப் படிக்கும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

முதலில் பம்பாய் விமான நிலையத்துக்குப் போவோம். 1977ல் அங்கே ஓர் உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த விமான நிலைய ஆணையம் டெண்டர் கேட்டது. குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு ஹோட்டல்காரராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடைசியில் அந்தத் தகுதி இல்லாத ஒருவருக்கே ஒப்பந்தம் போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1979ல் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: அரசு என்பது தன் பணத்தை விருப்பப்படி செலவிடும் தனி மனிதரைப் போன்றது அல்ல; தானே விதித்த நிபந்தனையை அது மீறக் கூடாது. நியாயம் எளிமையானது. நிபந்தனையைப் படித்துவிட்டு, 'நமக்குத் தகுதி இல்லை' என்று விண்ணப்பிக்காமலே ஒதுங்கியவர்கள் எத்தனை பேரோ? ஆனால் வழக்குப் போட்டவர் தாமதமாக வந்தார், ஒப்பந்தம் பெற்றவரோ அதற்குள் பணம் போட்டுவிட்டார் என்பதையெல்லாம் பார்த்து, ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை! கொள்கை ஜெயித்தது, வழக்கு தோற்றது. நம் நீதிமன்றங்களில் இது புதிதல்ல.

அங்கே நிபந்தனையாவது இருந்தது. 1990களில் பெட்ரோலிய அமைச்சரிடம் இருந்த 'விருப்ப ஒதுக்கீடு' என்ற கோட்டாவில் அதுகூட இல்லை. கருணைக்குரியவர்களுக்கு உதவத்தான் அது ஏற்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் கேப்டன் சதீஷ் சர்மா அமைச்சராக இருந்தபோது செய்த 15 பங்க் ஒதுக்கீடுகளை 1996 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கு அது. பொது அறிவிப்பு எதுவும் செய்யப்படவில்லை. ஒரே நிலையில் இருக்கும் நூறு பேரில் இவரை மட்டும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்குக் கோப்பில் விடை இல்லை. வறுமை என்று எழுதிக் கொடுத்ததை யாரும் விசாரிக்கவும் இல்லை. பெற்றவர்களில் அரசியல்வாதிகளின் உறவினர்களும் இருந்தார்கள். அமைச்சர் பொதுச் சொத்தின் தர்மகர்த்தா போன்றவர் என்றது நீதிமன்றம். அவருக்கு விதித்த 50 லட்சம் ரூபாய் அபராதத்தை மட்டும் 1999ல் மறுஆய்வில் நீதிமன்றமே விலக்கிக்கொண்டது.

அமைச்சரின் பேனாவைப் பிடுங்கித் தேர்வுக் குழுக்களிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். ஆகவில்லை. குழுக்களின் தேர்விலும் கட்சிக்காரர்களுக்கே சலுகை என்று 2002ல் பத்திரிகைகள் எழுதின. உடனே மத்திய அரசு, 2000 ஜனவரிக்குப் பின் கொடுத்த பங்க், காஸ், மண்ணெண்ணெய் டீலர்ஷிப்புகள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. யோக்கியமாக வாங்கியவர்களும் தெருவில் நின்றார்கள். அந்த ரத்தும் மனம்போன போக்குதான் என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. சந்தேகத்துக்குரிய 413 ஒதுக்கீடுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு குழுவை அமைத்தது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. கொடுப்பதற்கு மட்டுமல்ல, பறிப்பதற்கும் காரணம் சொல்லியாக வேண்டுமல்லவா?

இப்போது வழக்கமான பங்க்குகளுக்கு விளம்பரம் செய்து, தகுதியுள்ள விண்ணப்பதாரர்களுக்குள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். குலுக்கலுக்கு யாருடைய மாமாவையும் தெரியாது. ஆனாலும் பொருத்தமான இடம் கையில் வைத்திருப்பவருக்கே முன்னுரிமை என்பதால், சொந்த மண்ணை விட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இங்கேயும் ஒரு படி குறைவுதான்.

நம் பிள்ளைகள் யாராவது விண்ணப்பித்தால், விளம்பரத்தையும் நிபந்தனைப் புத்தகத்தையும் முடிவு வரும்வரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.