வீட்டைத் திருத்தவோ மீளக் கட்டவோ தொடங்கும் முன்

நீங்கள் பல ஆண்டுகளின் பின் உங்கள் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். சிலருக்குச் சுவர்கள் மிஞ்சியிருக்கின்றன, கூரை இல்லை. சிலருக்கு அத்திவாரம் மட்டும் இருக்கிறது. 2006 ஏப்ரலில் இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் காலம் கழித்த சம்பூர் மக்களில் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஊர் திரும்பியபோது, வீடு நின்ற இடத்தை மரத்தையும் கிணற்றையும் வைத்தே அடையாளம் காண வேண்டியிருந்தது. எந்த நிலையில் இருந்து தொடங்கினாலும் உங்களுக்கு முன்னால் உள்ள கேள்வி ஒன்றுதான்: கையில் உள்ள பணத்தில், அடுத்த மாரிக்கு முன், குடும்பம் பயமின்றிப் படுத்துறங்கக்கூடிய ஒரு வீட்டை எப்படி முடிப்பது?

இப்பகுதி அதற்கான வழிகாட்டி. நிதியுதவி பெற்றுக் கட்டுபவர்களுக்கும் சொந்தப் பணத்தில் பழைய வீட்டைத் திருத்துபவர்களுக்கும் இது பொருந்தும்.

வீடுகள் ஏன் பாதியில் நிற்கின்றன?

சுனாமிக்குப் பின் முற்றாகச் சேதமடைந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும் பகுதியாகச் சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபாவும் வழங்கப்பட்டன. இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் தவணை முறையில் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தன. இத்திட்டங்களில் வீட்டுக்காரரே வேலையை நடத்தினார். பல குடும்பங்கள் நல்ல வீடு கட்டி முடித்தன. வேறு பல குடும்பங்கள் நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் கடனாளிகளாயின.

காரணம் பெரும்பாலும் ஒரு சின்னக் கணக்குத்தான். 550 சதுர அடி வீட்டுக்கு 550,000 ரூபா என்றால் சதுர அடிக்கு 1,000 ரூபா. "பிள்ளை கலியாணம் செய்தால் இடம் வேண்டும்" என்று அத்திவாரம் வெட்டும்போது இன்னும் 150 சதுர அடியைச் சேர்க்கிறோம். அதே கணக்கில் செலவு 700,000 ரூபாவாகிவிடும். குறையும் 150,000 ரூபா அத்திவாரத்தில் தெரியாது, சுவரிலும் தெரியாது. கூரைக்கு மரமும் ஓடும் வாங்கப் போகும்போதுதான் தெரியும். அப்போது வானம் இருண்டிருக்கும்.

ஆகவே முதல் விதி இது: வீட்டின் அளவை ஆசையைக் கொண்டு அல்ல, கையில் உள்ள பணத்தைக் கொண்டு தீர்மானியுங்கள். பின்னர் அறை சேர்க்கலாம். அதற்கு இடம் விட்டுத் திட்டம் வரையச் சொல்லுங்கள்.

முதலில் காணி, பிறகு கட்டடம்

1. காணிப் பத்திரத்தைச் சரிபாருங்கள். உறுதியா, அரச அனுமதிப்பத்திரமா, அளிப்புப் பத்திரமா, யாருடைய பெயரில் உள்ளது என்று பாருங்கள். பத்திரம் தொலைந்திருந்தாலோ, பெயர் உள்ளவர் இறந்திருந்தாலோ காணாமற் போயிருந்தாலோ, கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவிலும் வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். பிறர் பெயரில் உள்ள காணியில் கட்டிய வீடு பின்னர் குடும்பத்துக்குள்ளேயே வழக்காகும்.

2. நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த காணியில், கண்ணிவெடி இல்லை என்று உறுதிப்படுத்தப்படும் வரை பற்றை வெட்டவோ குழி தோண்டவோ வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பி, 119 இலக்கத்துக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவியுங்கள்.

3. கட்டட அனுமதியை உங்கள் உள்ளூராட்சி சபையில் பெற வேண்டும். புதிய அறை சேர்ப்பதற்கும் இது தேவை. கடலின் உயர்நீர் எல்லையிலிருந்து 300 மீற்றருக்குள் உள்ள நிலம் கரையோர வலயமாகும். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, மூதூர், கிண்ணியாக் கரையோரங்களில் இருப்பவர்கள் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி பற்றியும் சபையிலேயே விசாரியுங்கள்.

யார் எதற்குப் பொறுப்பு?

திட்டம் வரைபவரும் கட்டுபவரும் ஒருவராக இருக்கத் தேவையில்லை. வேறு வேறானவர்களாக இருப்பது உங்களுக்கு நல்லது. ஒருவர் செய்வதை மற்றவர் பார்ப்பார்.

கட்டடக் கலைஞர் அல்லது வரைஞர் உங்கள் தேவையைக் கேட்டுத் திட்டம் வரைவார். சிறிய வீட்டுக்குக் கட்டடக் கலைஞரை அமர்த்த எல்லோராலும் முடியாது. நிதியுதவித் திட்டங்களில் மாதிரித் திட்டங்களும் அவற்றை விளக்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் இருப்பர். அவரிடம் கேள்வி கேட்பது உங்கள் உரிமை.

ஒப்பந்தக்காரர் அல்லது மேசன், திட்டத்தில் உள்ளபடி கட்டுவார். திட்டத்தை அவர் தன் விருப்பப்படி மாற்ற முடியாது.

வீட்டுக்காரராகிய நீங்கள் தீர்மானிப்பவர், பணம் கொடுப்பவர், நாள்தோறும் பார்ப்பவர். பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்களில் ஒப்பந்தக்காரர் அண்ணனுடனோ மாமாவுடனோதான் கதைக்கப் பார்ப்பார். உதவிக்கு அவர்கள் கூட நிற்கலாம். ஆனால் கையொப்பமும் கணக்குப் புத்தகமும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

பழைய சுவரை நம்பலாமா?

நின்ற சுவரை இடிக்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகே அதன் மேல் கட்டுங்கள். சுவர் சரிந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு போட்டுப் பார்க்க வேண்டும். அத்திவாரத்திலிருந்து மேல்வரை ஓடும் சரிவான வெடிப்பு, சுவருக்குள் வேரோடிய ஆல், அரசு, கம்பி வெளியே தெரியும் துருப்பிடித்த தூண் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். பூச்சு மட்டும் உதிர்ந்த சுவரைத் திருத்தலாம். அத்திவாரம் இறங்கிய சுவரைப் பூசி மறைத்தால் அடுத்த மழையில் வெடிப்பு திரும்ப வரும்.

பழைய அஸ்பெஸ்ரஸ் தகடுகளை உடைக்கவோ உலர்ந்த நிலையில் அறுக்கவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலைப் பாதிக்கும். நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி, பிள்ளைகள் விளையாடாத இடத்தில் வையுங்கள்.

திட்டத்தில் கேட்க வேண்டியவை

எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு இரண்டு எதிரிகள்: காற்றும் உப்பும். 1964 டிசம்பர்ச் சூறாவளி திருகோணமலையைத் தாக்கியதை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையைக் கடந்தது. ஆகவே திட்டத்தைப் பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள்:

• கதவு, யன்னல் மட்டத்துக்கு மேலே வீட்டைச் சுற்றி முழுமையாகக் கொங்கிறீற்று வளை போகிறதா?
• கூரை மரங்கள் சுவரோடு கம்பியாலோ இரும்புப் பட்டியாலோ பிணைக்கப்படுகின்றனவா? சும்மா தூக்கி வைத்த கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போகும்.
• தரை மட்டம், நீங்கள் அறிந்த மிகப் பெரிய வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே உள்ளதா? மகாவலி கடலில் சேரும் கொட்டியாரக் குடாப் பக்கத்து ஊர்களில் இது மிக முக்கியம்.
• மலசலகூடக் குழி, கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி உள்ளதா? பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளவுங்கள்.
• வயோதிபரும் மாற்றுத்திறனாளிகளும் ஏறக்கூடிய சாய்வுப் படி உண்டா?

கடல் மணலைக் கொங்கிறீற்றுக்குப் பாவிக்கவே வேண்டாம். அதில் உள்ள உப்பு உள்ளே இருந்தே கம்பியைத் தின்னும். கடலுக்கு அருகே, கம்பிக்கும் கொங்கிறீற்றின் வெளிப்பக்கத்துக்கும் இடையே குறைந்தது ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும். அதற்காகப் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே சிறு சீமெந்துத் துண்டுகளை வைக்கச் சொல்லுங்கள்.

மதிப்பீடு

திட்டம் முடிந்ததும் எத்தனை சீமெந்து, எத்தனை கியூப் மணல், சல்லி, எத்தனை கல், எவ்வளவு கம்பி, மரம், ஓடு, எவ்வளவு கூலி என்று எழுதிய அளவுப் பட்டியலைக் கேளுங்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்ற ஒரு வரி மதிப்பீடு ஆகாது. இதே பட்டியலைக் குறைந்தது மூன்று பேரிடம் கொடுத்து விலை கேளுங்கள். பட்டியல் ஒன்றாக இருந்தால்தான் விலைகளை ஒப்பிடலாம். மற்ற இருவரையும் விட மிகக் குறைத்துச் சொல்பவர் எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள். பெரும்பாலும் கூரையிலோ பூச்சிலோதான் அது இருக்கும்.

மொத்தப் பணத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கையாவது தொடாமல் வையுங்கள். சீமெந்து விலை ஏறும், மழை ஒரு கிழமை வேலையை நிறுத்தும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்

ஆளைத் தெரிந்தெடுக்கும் முன் அவர் கட்டிய இரண்டு வீடுகளைப் போய்ப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் தனியாகக் கேளுங்கள்: சொன்ன நாளில் முடித்தாரா? இடையில் வேறு வேலைக்குப் போனாரா?

பிறகு எழுதுங்கள். உறவினராக இருந்தாலும் எழுதுங்கள். பொருள் யார் வாங்குவது, கூலி மட்டுமா முழு வேலையுமா, தொடங்கும் நாள், முடிக்கும் நாள், தவணைகள், மாற்றம் வந்தால் விலை எப்படி என்பன இருக்க வேண்டும். திட்டமும் அளவுப் பட்டியலும் அதனுடன் இணைக்கப்பட வேண்டும். இருவரும் இரு சாட்சிகளும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள்.

600,000 ரூபா வேலைக்குத் தவணைகளை இப்படிப் பிரிக்கலாம்:

முற்பணம்: 60,000
அத்திவாரம் முடிந்ததும்: 120,000
சுவரும் வளையும் முடிந்ததும்: 150,000
கூரை முடிந்ததும்: 150,000
பூச்சு, தரை, கதவு, யன்னல் முடிந்ததும்: 90,000
ஒரு மாரி கழிந்த பின்: 30,000

கடைசித் தொகை சிறியதுதான். ஆனால் கூரை ஒழுகினால் அவரைத் திரும்ப வரவைப்பது அதுதான். எந்தக் கட்டத்திலும் முடிந்த வேலையின் பெறுமதியை விட அதிகமாகப் பணம் கொடுத்திருக்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னே கொடுத்தவரிடம் கெஞ்சுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

வேலை நடக்கும்போது

மூடுவதற்கு முன் பாருங்கள் என்பதை மனதில் வையுங்கள். அத்திவாரக் கிடங்கைக் கல் போடும் முன்பும், கம்பியைக் கொங்கிறீற்று ஊற்றும் முன்பும், கூரைப் பிணைப்பை ஓடு போடும் முன்பும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்க்க வேண்டும். அவர் வரும் நாளை முன்கூட்டியே கேட்டு மேசனிடம் சொல்லி வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

கொங்கிறீற்றைக் குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைத்திருங்கள். இது செலவில்லாத வேலை, வீட்டார் எல்லோரும் செய்யலாம். ஈரச்சாக்கு போர்த்தினால் தண்ணீர் மிச்சம். சீமெந்துப் பையை நிலத்தில் வைக்காமல் பலகை மேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். பற்றுச்சீட்டுகளை ஒரு கோவையில் போடுங்கள். கொடுத்த ஒவ்வொரு ரூபாவுக்கும் கொப்பியில் ஒப்பம் வாங்குங்கள்.

காலத்தைக் கணக்கில் எடுங்கள்

எங்கள் மாரி ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை போகும். மாசி, பங்குனியில் அத்திவாரம் வெட்டினால் ஆவணிக்குள் கூரை ஏறிவிடும். ஆவணியில் தொடங்கினால் சுவர் நனையும், நீங்களும் தறப்பாளுக்குள் இருப்பீர்கள். காலம் பிந்திவிட்டதென்றால், ஒரு அறையையும் மலசலகூடத்தையும் முழுதாக முடித்துக் கூரை போடுங்கள். நான்கு அறைக்குச் சுவர் எழுப்புவதை விட, ஒழுகாத ஓர் அறை அந்த மாரிக்கு உதவும்.

பிணக்கு வந்தால்

வேலையை நிறுத்தச் சொல்லும் முன், குறை என்ன என்று எழுதிக் கொடுத்து, திருத்த ஒரு நாளைக் குறியுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரை வைத்துக் கதையுங்கள். முடியாவிட்டால் உங்கள் பிரதேசத்தின் மத்தியஸ்த சபைக்கு முறையிடலாம். அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. அங்கே உங்களுக்காகப் பேசப் போவது ஒப்பந்தமும் கொப்பியும் படங்களும்தான்.

இந்த வீட்டுக்காக நீங்கள் நெடுங்காலம் காத்திருந்தீர்கள். இன்னும் இரண்டு கிழமை திட்டத்துக்கும் கணக்குக்கும் ஒதுக்குங்கள். அத்திவாரம் வெட்டும் நாளுக்கு முன், குடும்பத்தார் எல்லோரும் கூடியிருந்து திட்டத்தை நிலத்தில் சுண்ணாம்பால் கீறிப் பாருங்கள். வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, கிணறு எவ்வளவு தூரம் என்று நடந்து பாருங்கள். கீறிய கோட்டை அழித்து மாற்றுவதற்குப் பணம் தேவையில்லை.