மருந்துச் சீட்டு எழுதுவது யார்?

நடுநிசியில் குழந்தைக்கு ஜுரம் கண்டால், ஒரு வைத்தியர் அகப்படமாட்டாரா என்றே வீட்டார் தவிப்பார்கள். அவர் எம்முறையைப் பயின்றவர் என்று அவ்வேளையில் எவரும் விசாரிப்பதில்லை. ஆயினும் அக்கேள்வியைப் பொறுத்தே சில சமயம் உயிர் நிற்கிறது.

இது பழைய வழக்கு. 1914-ம் வருஷத்துச் சென்னை வைத்தியப் பதிவுச் சட்டம், மேனாட்டு முறை கற்றோரையே ஏற்றது. தலைமுறை தலைமுறையாய் நாடி பார்த்து வந்த சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்கள் வெளியே நின்றார்கள். அக்குறையை ஆராய 1921-ல் நியமனமான உஸ்மான் கமிட்டி, 1923-ல் அறிக்கை தந்தது. அதன் காரியதரிசியான காப்டன் சீனிவாசமூர்த்தி, பின்னர் சென்னையில் தோன்றிய இந்திய வைத்தியப் பள்ளிக்கு முதல் தலைவரானார். சுதேச வைத்தியம் இவ்வாறு போராடியே தன் ஸ்தானத்தைப் பெற்றது.

ஆனால், ஒரு முறையில் தேர்ந்தவர் மற்றொரு முறையின் மருந்தை எழுதலாமா? பம்பாயில் 1992-ல், ஹோமியோபதி பயின்ற ஒருவர், ஜுரத்தில் கிடந்தவருக்கு ஆங்கில மருந்துகளைக் கொடுத்தார்; நோயாளி இறந்தார். அவர் மனைவி தொடுத்த வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட், தாம் அறியாத முறையைக் கையாள்பவர் போலி வைத்தியரே என்று கூறி, மூன்று லட்சம் ரூபாய் நஷ்டஈடு விதித்தது. 1998-ல் அதே கோர்ட், மருந்து எழுதும் உரிமை வைத்தியம் செய்யும் உரிமையுடன் பிணைந்தது என்றும், அவ்வுரிமை யாருக்கு உண்டென்பது ராஜ்யச் சட்டத்தையும் பதிவையும் பொறுத்தது என்றும் தீர்த்தது.

டாக்டர் இல்லாத கிராமம் என்ன செய்யும்? இந்த நியாயமான கேள்விக்கு, 2019-ம் வருஷத்து தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஒரு வழி வகுத்தது. சமுதாய சுகாதார ஊழியருக்கு வரையறுத்த உரிமை அளிக்கலாம். ஆரம்ப சிகிச்சையிலும் நோய்த் தடுப்பிலும் மட்டுமே, குறிப்பிட்ட மருந்துகளை அவர்கள் தாமாக எழுதலாம். எல்லை காட்டிய உதவி இது. எல்லையற்ற துணிச்சலுக்கு அனுமதியன்று.

சுதேச வைத்தியத்தில் நமக்குள்ள அபிமானம் குறையவில்லை. அதனாலேயே சொல்கிறோம்: தம் சூரணத்தையும் கஷாயத்தையும் மறந்து பிறர் ஊசியைத் தேடும் வைத்தியர், இரு சாஸ்திரங்களுக்கும் அபகீர்த்தி தேடுகிறார்.

டாக்டர் தரும் சீட்டில் பதிவு எண் இருக்கவேண்டும் என்பது விதி. அடுத்த முறை மருந்துக் கடைக்குப் போகுமுன், நம் வீட்டுப் பெரியோர் அதை ஒருதரம் பார்த்துக்கொள்ளட்டும்.