குறட்டை மெஷினைப் பரணில் போடலாமா? உடம்பு இளைத்தவர்களுக்கு ஒரு தெரியுமா!

ஒரே ராத்திரியில் 300 தடவை மூச்சு நின்று, 300 தடவையும் திரும்பி வந்து, காலையில் பல் விளக்கும்போது “நேத்து நல்ல தூக்கம்” என்று சொல்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள், தெரியுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 தடவை, ஏழரை மணி நேரத் தூக்கம். 300 வந்துவிட்டது! ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 விநாடி. இதுதான் ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் ஒரு உலுக்கு உலுக்க, பெருங்குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. தூங்குகிறவருக்கு இதில் எதுவும் நினைவிருக்காது. விழித்திருந்து எண்ணுவது பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான்!

இந்தியாவில் இப்படி மூச்சுத் திணறித் தூங்குகிறவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் கணக்கிட்டார்கள், தெரியுமா? 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மறைந்தபோது, மருத்துவமனை சொன்ன காரணத்தில் இந்த ஸ்லீப் ஆப்னியாவின் பெயரும் இருந்தது. அதுவரை குறட்டையை வேடிக்கையாகவே பார்த்துவந்த எத்தனையோ வீடுகள் அன்றைக்குத் திடுக்கிட்டன.

இதற்கான மெஷின் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1980, சிட்னி. காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வேக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்து, உறிஞ்சுகிற காற்றை ஊதுகிற காற்றாக்கி, ஒரு நோயாளியின் மூக்கில் செலுத்தினார். சரியாகத் தூங்க முடியாமல் தவித்த அந்த மனிதர் அன்று அடித்துப் போட்டதுபோல் தூங்கினார்! மறு ஆண்டு லான்செட் இதழில் ஐந்து நோயாளிகளின் விவரம் வெளியானது. அதுதான் இன்றைய சிபாப் மெஷின். அது தருகிற அழுத்தம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 4 முதல் 20 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம். ஒரு செம்பு நிறையத் தண்ணீர் பிடித்தால் அதன் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தச் செம்புத் தண்ணீர் அழுத்தம் ஒரு உயிரைத் தூக்கி நிறுத்துகிறது.

இனி இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். எங்கள் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் என் மாமா. தக்காளி லோடு ஏற்றி ராத்திரியில் லாரி ஓட்டியவர். 102 கிலோ. பரிசோதனையில் மணிக்கு 46 தடவை மூச்சு நின்றது. 5-க்குக் கீழ் இருந்தால் சரி, 30-ஐத் தாண்டினால் கடுமை என்பது மருத்துவர்களின் அளவுகோல். 13 அழுத்தத்தில் மெஷின் வைத்தார்கள். சர்க்கரையும் இருந்ததால் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். மனிதர் பிடிவாதக்காரர். ராத்திரி புரோட்டாவை விட்டார். ஒரு உருண்டை கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு, அதோடு சரி. களி தின்றால் இளைத்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. அவர் குறைத்தது அளவை, கூட்டியது நடையை. ஒன்றரை வருடத்தில் 84 கிலோ!

ஒருநாள் மெஷினின் சின்னத் திரையை என்னிடம் காட்டினார். “பாரு மாப்ள, மணிக்கு ரெண்டுதான் காட்டுது. எனக்குச் சரியாப் போச்சு. இது இனிமே பரணுக்குத்தான்.”

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள், தெரியுமா? அந்த 2 என்பது மெஷின் ஊதிக்கொண்டிருக்கும்போது மிச்சமிருக்கும் கணக்கு. மெஷின் இல்லாவிட்டால் எவ்வளவு என்பதை அது சொல்லாது, சொல்லவும் முடியாது! சேலத்தில் அவரைப் பார்த்த மருத்துவர் இதை எங்கள் ஊர்க்காரருக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். “குச்சி நட்டுக் கட்டின தக்காளிச் செடி நிமிர்ந்துதாங்க நிக்கும். குச்சியைப் பிடுங்கிட்டுப் பார்த்தாத்தானே தெரியும்?”

சரி, இளைத்தால் மூச்சுத் தடை ஏன் குறைகிறது? நாக்குக்கும் தொப்பை போடும், தெரியுமா! உடம்பு பெருக்கும்போது நாக்குக்குள்ளும் கொழுப்பு சேர்கிறது. மல்லாந்து படுத்தால் அந்தக் கனத்த நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஷ்வாப் குழுவினர், எடையில் சுமார் 10 சதவீதம் குறைத்த 67 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். மூச்சுத் தடை ஏறக்குறைய 31 சதவீதம் குறைந்திருந்தது. அதற்கு முதல் காரணம், நாக்கிலிருந்த கொழுப்பு கரைந்ததுதான்! வயிறு இளைப்பது கண்ணாடியில் தெரிகிறது. நாக்கு இளைத்ததைத் தூக்கம்தான் சொல்லும்.

அப்படியானால் 18 கிலோ போனால் நோயும் முழுக்கப் போயிருக்க வேண்டாமா? இல்லையே! எடை குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 342 பேரின் கணக்கை 2009-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மணிக்குச் சராசரி 54.7 தடவை என்றிருந்தது 15.8-க்கு இறங்கியிருந்தது. பிரமாதமான இறக்கம்தான். ஆனால் 15.8 என்பது இன்னமும் நடுத்தர நோய். எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியின் கதையும் இதுதான். 2024-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் போட்டுக்கொண்டவர்களுக்கு மணிக்கு 25-லிருந்து 29 தடவை வரை குறைந்தது. பத்தில் நாலைந்து பேர் மெஷின் தேவைப்படாத நிலைக்கே வந்தார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்கா, உடல் பருமனோடு ஸ்லீப் ஆப்னியாவும் உள்ளவர்களுக்கு இதை மருந்தாகவே அனுமதித்தது. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கும் ஊசி வந்துவிட்டது. சரி, மீதி ஐந்தாறு பேர்? அவர்களும் இளைத்தவர்கள்தான், சட்டை தொளதொளத்தவர்கள்தான். ஆனால் மூச்சு இன்னும் நிற்கிறது! தாடை சின்னதாக, உள்வாங்கி இருப்பது, தொண்டை அமைப்பு, வயது என்று எடைக்கு அப்பாற்பட்ட காரணங்களும் இருக்கின்றனவே. ஒல்லியானவர்களுக்கே ஸ்லீப் ஆப்னியா வருவதும் அதனால்தான்.

சரி, பழைய மெஷினைப் பழைய அழுத்தத்திலேயே மாட்டிக்கொண்டு கிடந்தால் என்ன என்று கேட்பீர்கள். அதிலும் வம்பு இருக்கிறது, தெரியுமா? மாமாவின் முகமும் இளைத்துவிட்டது. கன்னம் ஒட்டிப்போனதால் மாஸ்க் ஓரத்தில் காற்று புஸ்ஸென்று கசிந்து நேராகக் கண்ணில் அடித்தது. காலையில் கண் சிவந்திருக்கும். வாரை இழுத்து இழுத்துக் கட்டி மூக்குத்தண்டில் ஒரு தழும்பே விழுந்துவிட்டது. தேவைக்கு மிஞ்சிய காற்று வயிற்றுக்குள் போய், விடிந்தால் உப்புசம், ஏப்பம். இரண்டு மாதம் வாயு மாத்திரை சாப்பிட்டார்! தப்பு வயிற்றில் இல்லை, 102 கிலோவுக்கு வைத்த 13 அழுத்தத்தில் இருந்தது.

எடையில் 10 சதவீதம் குறைந்தாலே அழுத்தம் இன்னும் அவ்வளவு வேண்டுமா என்று மறுபடி சோதித்துப் பார்ப்பது நல்லது என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2005-லேயே சொல்லியிருக்கிறது. 90 கிலோக்காரருக்கு 9 கிலோ. இதே வாய்ப்பாடு எதிர்ப்பக்கமும் உண்டு: விஸ்கான்சின் மாநிலத்தில் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தவர்களில், எடை 10 சதவீதம் ஏறினால் மூச்சுத் தடை 32 சதவீதம் ஏறியது. போன கிலோ திரும்பி வந்தால் நோயும் கூடவே வரும்.

மெஷினை நிறுத்தினால் எவ்வளவு நாளில் தெரியும்? சூரிச்சில் 2011-ல் வெளியான ஆய்வில், நன்றாக மெஷின் போட்டுவந்தவர்களை இரண்டே வாரம் நிறுத்தச் சொன்னார்கள். நோய் திரும்பியது, காலை ரத்த அழுத்தம் மேல் அளவில் எட்டரைப் புள்ளி ஏறியது! ஆனால் முதல் ஓரிரு ராத்திரி ஒன்றுமே தோன்றாமல் போகலாம். மாமா ஏமாந்ததும் அதில்தான். பரணில் போட்ட நாலாம் நாள் விடியற்காலையில் அத்தை எனக்குப் போன் செய்தார். பக்கத்தில் மாமாவின் குறட்டை கேட்டது, நின்றது, நான் எட்டு எண்ணினேன், பதினாலு எண்ணினேன். “ஏங்க… ஏங்க…” என்று அத்தை தோளை உலுக்குவது கேட்டது. அந்த அமைதியைக் காதால் கேட்டவர்களுக்குத்தான் அதன் பயம் புரியும்.

குறட்டை மட்டுமல்ல, ராத்திரியில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுந்திருப்பதும் இந்த நோயின் வேலையாக இருக்கலாம், தெரியுமா? மூச்சடைத்து நெஞ்சுக்குள் அழுத்தம் மாறும்போது, உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்புக்கணக்குப் போட்டு, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது! இளைத்த பிறகும் இது தொடர்ந்தால் சர்க்கரை என்றோ வயசு என்றோ தள்ளிவிட வேண்டாம்.

இந்த நோய் கட்டிலோடு நிற்பதில்லை, சாலைக்கும் கூடவே வருகிறது. பெங்களூரிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தை அறியாத லாரிக்காரர் உண்டா? இரட்டைப் பாலம் என்ற பெயரைக் கேட்டாலே எங்கள் மாவட்டத்தில் நெஞ்சு படபடக்கும். அங்கே நடந்த விபத்துகளுக்குச் சாலை அமைப்பு, பிரேக், பாரம் என்று பல காரணங்கள். ஆனால் சிகிச்சை எடுக்காத ஸ்லீப் ஆப்னியாக்காரர் வண்டி ஓட்டினால் விபத்து வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்பது பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. அந்த இறக்கத்தில் மூன்று விநாடி கண் செருகினால் போதும். அதனால்தான், மறுபரிசோதனைக்காக மெஷினைக் கழற்றியிருந்த நாட்களில் ஸ்டியரிங்கையும் தொடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பரிசோதனையும் பயப்படும் சமாச்சாரமில்லை. விரலில் ஒரு கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை. வீட்டுக் கட்டிலிலேயே முடிந்தது. மணிக்கு 46 இருந்தது 14 ஆகியிருந்தது! மல்லாந்து படுத்த நேரத்தில்தான் அதிலும் பெரும்பங்கு. அழுத்தத்தை 13-லிருந்து 8-க்கு இறக்கினார்கள், மாஸ்க்கில் சின்ன அளவு கொடுத்தார்கள், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். ஏப்பம் ஒரே வாரத்தில் நின்றது. வாயு மாத்திரையும் நின்றது.

“இன்னும் ஆறு கிலோ போகட்டும் மாப்ள, இன்னொரு ராத்திரி வயர் மாட்டிக்கிட்டுப் படுக்குறேன்” என்கிறார். அதுவரைக்கும் மெஷின் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில்தான். மாஸ்க்கைத் தினமும் காலையில் கழுவிக் கொடியில் காயப்போடுவது அத்தை.