‘எத்தனாவது வந்தாய்?’ என்று கேட்பதற்கு முன்

பள்ளித் திடல்தடப் போட்டியின் இறுதிச் சுற்று நாளில் பார்வையாளர் வரிசைகளில் சீருடைக் கூட்டம்தான் முழங்கிக்கொண்டிருக்கும். பெற்றோர் ஆங்காங்கே இரண்டு மூன்று பேராக அமர்ந்திருப்பார்கள். அவர்களில் நம்மவர்கள் இன்னும் குறைவு என்றுதான் என் கண்ணுக்குப் படுகிறது. வந்தவர்களிலும் பலர் முடிவுக்கோட்டை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

என் அப்பாவும் அப்படித்தான். உயர்நிலைப் பள்ளியில் 4 × 100 மீட்டர் அஞ்சலோட்டத்தில் நான் மூன்றாவதாக ஓடினேன். ஒரே ஒருமுறை விடுப்பு எடுத்து வந்த அப்பா, முடிவுக்கோட்டுக்கு நேரே இடம்பிடித்துக் காத்திருந்தார். நானோ எதிர்ப்புற வளைவில் ஓடிக் கோலைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், “நீ ஓடவே இல்லையேம்மா?” என்றார். இந்தக் கட்டுரை அவரைப் போன்றவர்களுக்காக.

அரங்கிற்குப் போவது எளிது. தேக்காவிலிருந்து புறப்படுவோர் லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதையில் ஏறினால் மூன்றாவது நிலையம் புரொமனாட். அங்கே வட்டப் பாதைக்கு மாறினால் இரண்டாவது நிலையம் ஸ்டேடியம். தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் திடல்தடச் சுற்றுகள் பெரும்பாலும் ஆண்டின் முற்பாதியில் நடக்கும். இறுதிச் சுற்றுகள் பல ஆண்டுகளில் காலாங்கில் உள்ள தேசிய விளையாட்டரங்கில் நடந்துள்ளன. இடமும் நேரமும் மாறக்கூடும் என்பதால் பிள்ளையின் பயிற்றுவிப்பாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. உயர்நிலைக் கீழ்வகுப்பினர் பொதுவாக ‘சி’ பிரிவு, மேல்வகுப்பினர் ‘பி’, தொடக்கக் கல்லூரி மாணவர்கள் ‘ஏ’. உங்கள் பிள்ளை எந்தப் பிரிவு என்று தெரியாமல் போனால் அட்டவணையைப் பார்த்தே அரை நாள் போய்விடும்.

இனி, எதைப் பார்ப்பது?

400 மீட்டர் ஓட்டம் தொடங்கும்போது எட்டாம் தடத்தில் நிற்பவர் முதல் தடத்தில் நிற்பவரைவிட ஏறத்தாழ 53 மீட்டர் முன்னே நிற்பார். அது சலுகை இல்லை. வெளித்தடங்களின் வளைவு நீளம் என்பதால் அந்தக் கூடுதல் தூரம் தொடக்கத்திலேயே கழிக்கப்படுகிறது. ஆகவே முதல் 200 மீட்டரில் ‘என் பிள்ளை பின்தங்கிவிட்டாளே’ என்று பதறவேண்டாம். கடைசி வளைவு முடிந்து நேர்த்தடத்துக்கு வந்த பிறகுதான் யார் எங்கே இருக்கிறார் என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியும்.

4 × 100 மீட்டர் அஞ்சலோட்டத்தில் கோல் கைமாறுவதற்கு 30 மீட்டர் நீளமுள்ள பகுதி உண்டு. ஓடுபவரின் கால் எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, கோல் அந்தப் பகுதிக்குள் இருக்கவேண்டும். வேகமான நால்வர் இருந்தும் ஒரு பள்ளி தோற்பது பெரும்பாலும் இங்கேதான். இதைப் பார்க்க முடிவுக்கோட்டைவிட வளைவுப் பக்க இருக்கைகளே சிறந்தவை. (அப்பா, கவனிக்கவும்.)

முடிவுக்கோட்டைத் தலையோ கையோ முதலில் தொட்டால் போதாது. உடற்பகுதி, அதாவது மார்பும் வயிறும் அடங்கிய பகுதி, கடப்பதே கணக்கு. 1973ஆம் ஆண்டில் பழைய தேசிய அரங்கில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் குளோரி பர்னபாஸ் 200 மீட்டர் தங்கம் வென்றதைப் புகைப்படம் பார்த்துத்தான் உறுதிசெய்தார்கள்.

ஆனால் பிள்ளைகள் ஓடி முடித்ததும் தேடுவது பெரும்பாலும் இடத்தை அல்ல, நேரத்தை. தகுதிச் சுற்றில் ஆறாவதாக வந்த மாணவி தன் வாழ்நாளின் ஆகச் சிறந்த நேரத்தை அன்று பதிந்திருக்கலாம். வீட்டில் ‘எத்தனாவது?’ என்ற ஒற்றைக் கேள்வி அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது.

சி. குணாளனை எடுத்துக்கொள்வோம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் அவர் அரையிறுதிக்குப் போகவில்லை. இடத்தை மட்டும் பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அங்கே அவர் பதிந்த 10.38 வினாடி 33 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. 2001ல் யு.கே. ஷியாம் 10.37ல் ஓடியபோதுதான் அது முறிந்தது. ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்குக்கு ஒரு தலைமுறை பிடித்தது.

சாந்தி பெரேராவின் கணக்கும் அப்படிப்பட்டதே. 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளில், இப்போதைய தேசிய அரங்கில், 200 மீட்டரை 23.60 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். 2023ல் புடாபெஸ்ட் உலக வெற்றியாளர் போட்டியில் அவரது நேரம் 22.57. அந்த ஒரு வினாடிச் சொச்சத்தைக் குறைக்க எட்டு ஆண்டுகள். அதே 2023ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் அவர் வென்ற 200 மீட்டர் தங்கம், 49 ஆண்டுகளில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் ஆசிய விளையாட்டுத் திடல்தடத் தங்கம்.

எனவே போவதற்கு முன் பிள்ளையின் முந்தைய சிறந்த நேரத்தைக் கேட்டுக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகையில் அன்றைய நேரம் வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் மற்ற பெற்றோரும் எட்டிப் பார்ப்பார்கள், பேச்சும் தொடங்கிவிடும்.

4 × 400 அஞ்சலோட்டம் பொதுவாகக் கடைசியில்தான் வரும், அதற்குள் எழுந்துவிடாதீர்கள். இரண்டாவதாக ஓடுபவர்கள் முதல் வளைவைத் தத்தம் தடத்தில் முடித்ததும் எல்லாரும் உள்தடத்தை நோக்கி ஒரே நேரத்தில் பாய்வார்கள். அந்த நெரிசலில் உங்கள் பள்ளியின் சட்டை நிறத்தைத் தேடிப் பிடியுங்கள்.