மூச்சின் சாட்சியம்

ஒருவன் குடித்திருக்கிறான் என்பதைக் கண்டறிதல் எளிது. எவ்வளவு குடித்திருக்கிறான் என்று கூறுதலே அரிது. நடையின் தள்ளாட்டமும் நாவின் குழறலும் ஆளுக்கு ஆள் வேறுபடுவன. நெடுநாட் குடிகாரன் நேராக நிற்பான்; மதுவைத் தொட்டறியாத நோயாளி தள்ளாடுவான். கண்ணாற் காணும் அடையாளங்களை மட்டும் நம்பி ஒருவனைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ தீர்ப்பது நீதியாகாது. இக்குறையை நீக்கவே விஞ்ஞானிகள் மனிதனின் மூச்சைச் சாட்சிக்கு அழைத்தனர். அச்சாட்சியை விசாரிக்கும் கருவியொன்றை இன்று பாடசாலை மாணவன் தன் மேசையிலேயே அமைத்துவிடலாம். அதனை அமைக்கும் வகை யாது, அது கூறுவதை எத்துணை நம்பலாம் என்னும் இரண்டையும் ஈண்டு நோக்குவோம்.

குடித்த மது குடலால் உறிஞ்சப்பட்டு இரத்தத்திற் கலக்கிறது. அவ்விரத்தம் நுரையீரலின் நுண்ணறைகளைச் சூழ்ந்து ஓடுங்கால், அதிலுள்ள அற்ககோலின் ஒரு சிறு பகுதி ஆவியாகி மூச்சிற் சேர்கிறது. ஆழ்ந்து வெளிவிடும் மூச்சில் 2100 மில்லிலீற்றரில் உள்ள அற்ககோலின் அளவு, ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் உள்ள அளவுக்கு ஏறத்தாழச் சமம் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. இதன்படி, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அற்ககோல் உடைய ஒருவனது மூச்சில் லீற்றருக்குச் சுமார் 0.38 மில்லிகிராம் இருக்கும்.

1927 இல் எமில் போகன் என்ற அமெரிக்க மருத்துவர், உதைபந்தின் உட்பையில் மூச்சைப் பிடித்து, அதனைப் பொற்றாசியம் இருகுரோமேற்றும் சல்பூரிக்கமிலமும் சேர்ந்த கரைசலினூடே செலுத்தி, நிறமாற்றத்தால் மதுவை அளந்து காட்டினார். இந்தியானாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரொல்லா ஹார்கர் 1931 இல் 'டிரங்கோமீற்றர்' என்னும் கருவியை ஆக்கினார். அம்மாநிலப் பொலிசிற் பணியாற்றிய ரொபேட் போர்க்கென்ஸ்டைன் 1954 இல் ஆக்கிய 'பிரெத்தலைசர்' நிறமாற்றத்தை ஒளிக்கலத்தால் அளந்தது. மனிதக் கண்ணின் தடுமாற்றம் அத்துடன் நீங்கியது. 1967 ஆம் ஆண்டின் வீதிப் பாதுகாப்புச் சட்டத்தால் பிரித்தானியாவில் 80 மில்லிகிராம் என்னும் எல்லையும் வீதியோர மூச்சுச் சோதனையும் நடைமுறைக்கு வந்தன.

மலிவான கருவியில் இரசாயனக் கரைசலுக்கு வேலையில்லை. அதன் மூக்காக அமைவது 'எம்கியூ-3' என்னும் உணரி. வெள்ளீய ஒட்சைட்டுப் பூசிய சிறு உடலொன்றும் அதனைச் சூடாக்கும் கம்பியும் அதனுள் உள்ளன. சூடேறிய ஒட்சைட்டின் மேற்பரப்பில் காற்றின் ஒட்சிசன் ஒட்டிக்கொண்டு இலத்திரன்களைப் பற்றிக்கொள்வதால் அதன் மின்தடை உயர்ந்து நிற்கும். அற்ககோல் ஆவி வந்ததும் அந்த ஒட்சிசனோடு தாக்கமுறுகிறது. பற்றப்பட்ட இலத்திரன்கள் விடுபட, தடை வீழ்கிறது. இத்தகைய உணரிக்கு வழிகோலியவர் ஜப்பானியரான நயோயோஷி தகுச்சி. 1962 இல் அவர் அதற்குக் காப்புரிமை கோரினார்.

மூளையாக அமைவது மைக்ரோகொன்ட்ரோலர் எனப்படும் சிறு கணினி. மாணவரிடையே பெருவழக்குடைய 'ஆர்டுயினோ' பலகை 2005 இல் இத்தாலியின் இவ்ரேயா நகரிற் பிறந்தது. அதனை ஆக்கியோர் கூடும் மதுச்சாலை ஒன்றின் பெயரையே அதற்குச் சூட்டினர். குடியை அளக்கும் கருவியின் மூளை மதுச்சாலையின் பெயரைத் தாங்குவது சுவையான பொருத்தமே.

உணரியோடு மாறாத் தடையொன்றைத் தொடராக இணைத்து, அத்தடைக்குக் குறுக்கேயுள்ள மின்னழுத்தத்தைப் பலகைக்கு ஊட்டவேண்டும். பலகை 0 முதல் 5 உவோற்று வரையுள்ள அழுத்தத்தை 1024 படிகளாகப் பகுத்து எண்ணாக்கும். சூடாக்கும் கம்பி ஏறத்தாழ 150 மில்லிஅம்பியர் மின்னோட்டத்தை உண்பதால், அதனைப் பலகையின் சமிக்ஞை முனையில் இணைத்தலாகாது. 5 உவோற்று வழங்கியோடு நேரே இணைக்கவேண்டும். புதிய உணரியை முதன்முறை ஒரு நாளேனும் சூடேற்றி வைத்தல் அவசியம்.

இதுவரை செய்தது இலகுவான பகுதி. 1024 படிகளில் எப்படி எத்தனை மில்லிகிராமைக் குறிக்கும்? இதற்கு விடைகாணாத கருவி வெறும் விளையாட்டுப் பொருளே. ஒரு லீற்றர் நீரில் சுமார் 1.2 கிராம் அற்ககோலைக் கரைத்து, 34 பாகை செல்சியசில் வைத்து, அதனூடே காற்றைக் குமிழியிட்டால், வெளிவரும் ஆவி 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 100 மில்லிகிராம் உடையவனது மூச்சை ஒக்கும். வெவ்வேறு செறிவுகளில் இதனைச் செய்து, தடையையும் செறிவையும் மடக்கை அளவில் வரைந்தால் ஏறத்தாழ நேர்கோடு கிடைக்கும். அக்கோடே கருவியின் அளவுகோல்.

எனினும், அக்கோடும் நிலையானதன்று. காற்றின் ஈரமும் வெப்பமும் அதனை அசைக்கும். உணரி முதுமையடைய அது நகரும். மேலும், இவ்வுணரி அற்ககோலை மட்டும் அறிவதன்று. பெற்றோல் ஆவியும் அசற்றோன் ஆவியும் அதனை ஏமாற்றக்கூடும். கட்டுப்படாத நீரிழிவுடையோரின் மூச்சில் அசற்றோன் மிகுதலுண்டு. மதுசாரம் கலந்த வாய்க்கழுவியால் அப்போதுதான் கொப்பளித்தவனும் கருவியின் முன் குடிகாரனாகிவிடுவான். பதினைந்து நிமிடம் பொறுத்துச் சோதிக்கவேண்டும் என்ற விதி இதன்பொருட்டே எழுந்தது. பொலிசார் கைக்கொள்ளும் கருவிகள் பல, பிளாற்றினம் மின்வாய்களைக் கொண்ட எரிபொருட்கலத்தைப் பயன்படுத்துவதும் இத்தகைய மயக்கங்களைக் குறைத்தற்கே.

கருவி மிகையாகக் கூறினால் நிரபராதி ஒருவன் நாணமுறுவான். அது துயரமே, ஆனால் இரத்தப் பரிசோதனையால் அதனைத் துடைத்துவிடலாம். கருவி குறைவாகக் கூறினாலோ, அதனை நம்பி வண்டியேறியவன் பிழையை அறிவது வீதியிலேயே. அதனினும் நுட்பமான ஆபத்து ஒன்றுண்டு. இறுதிக் கிண்ணத்தின் பின்னரும் குடலிலுள்ள மது இரத்தத்திற் கலந்துகொண்டே இருக்கும். விருந்து மண்டபத்தின் வாயிலில் ஊதியபோது எல்லைக்குள் நின்றவன், அரைமணி கழித்து வீதியில் எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும். கருவி அப்பொழுது பொய் கூறவில்லை. அந்தக் கணத்து உண்மையையே கூறியது.

ஆகவே, இதனை அமைக்கும் மாணவருக்கு ஒன்று கூற விரும்புகிறேன். சிவப்பு விளக்கை வையுங்கள். மஞ்சள் விளக்கையும் வையுங்கள். பச்சை விளக்கை மட்டும் வைக்கவேண்டாம். 'வண்டி ஓட்டாதே' என்று எச்சரிக்க இக்கருவிக்கு உரிமையுண்டு. 'ஓட்டலாம்' என்று அனுமதி வழங்க அதற்கு உரிமையில்லை. பௌதிகமும் இரசாயனமும் கணிதமும் ஒருங்கே பயிலும் வாய்ப்பை இச்சிறு முயற்சி தருகிறது. தான் ஆக்கிய கருவியின் பிழை எவ்வளவு என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதி வைக்கும் பழக்கத்தை ஒரு மாணவன் இதனாற் பெறுவானாயின், அவனது ஆசிரியரின் உழைப்பு வீண்போகவில்லை.